நான்கு மணி நேரப் பயணம், பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பு

ஊரில் ஒரு மவுத் நடந்துவிட்டால், "மகன் துபாயிலிருந்து எப்போது வந்து சேருவார்?" என்பதுதான் பலரும் முதலில் கேட்பது. "நாலு மணி நேரம்தானே, வந்துவிடுவார்" என்று யாராவது பதில் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம்பி ஜனாஸா தொழுகைக்கு நேரம் குறித்துவிட்டுப் பிறகு மாற்றுவது நம் மஹல்லாக்களில் புதிதல்ல.

வரைபடத்தைப் பார்த்தால் காரைக்கால் நம் சபராளிகளின் இரு திசைகளுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. நேர்க்கோட்டில் துபாய் சுமார் 3,000 கி.மீ.; சிங்கப்பூர் அதைவிடச் சற்றுக் குறைவு. திருச்சியிலிருந்து இரண்டுக்கும் விமானம் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பதிலும் குழப்பம் வரும். புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியே அச்சாகின்றன. திருச்சியில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் துபாயில் பகல் 12.30, சிங்கப்பூரிலோ மாலை 4.30. பறந்த நேரம் ஒன்றுதான். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாலும், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னாலும் இருப்பதே காரணம்.

உண்மையான நேரம் தரையில்தான் கழிகிறது. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வர வேண்டும். இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பு. அதன்பின் திருச்சியிலிருந்து காரைக்காலுக்குச் சுமார் 150 கி.மீ. சாலை, மூன்று மணி நேரத்துக்கும் மேல். டிக்கெட் உடனே கிடைத்தாலும், வீட்டுக்கு வீடு பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதில் வானில் கழிவது மூன்றில் ஒரு பங்குதான்.

பிரான்ஸ் குடியுரிமை பெற்ற காரைக்கால் குடும்பங்களுக்கு இது இன்னும் நீளம். சென்னையிலிருந்து பாரிஸ் சுமார் 8,000 கி.மீ. அந்த விமானத்தைப் பிடிக்கவே இங்கிருந்து சுமார் 300 கி.மீ. போயாக வேண்டும்.

முந்தைய தலைமுறை ரஜுலா, எம்.வி. சிதம்பரம் கப்பல்களில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் நாள்கணக்கில் சென்றது. ஆனால் கப்பல் ஏறும் துறைமுகம் பக்கத்து நாகப்பட்டினத்தில் இருந்தது. இன்று கடலைக் கடக்கும் நேரம் குறைந்துவிட்டது. ஏறும் இடமோ தூரமாகிவிட்டது.

ஏறும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை 2022 ஹஜ்ஜில் கண்டோம். சென்னை புறப்பாட்டு மையம் இல்லாததால் தமிழக, புதுவை ஹாஜிகள் கொச்சிக்குப் போக நேர்ந்தது. முதியவர்களுக்கு அது எத்தனை சிரமம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து கோரிக்கை வைத்தபின் 2023இல் சென்னை மீண்டும் கிடைத்தது.

காரைக்கால் விமான நிலையம் பல ஆண்டுகளாகப் பேச்சாகவே இருக்கிறது. அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திருச்சி விமானங்களின் நேரத்துக்கு ஏற்ப, விமான நிலைய வாசல் வரை செல்லும் இரவுப் பேருந்தைப் புதுவை, தமிழக அரசுகள் சேர்ந்து இயக்கலாம். தனி வண்டிக்குக் கொடுக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. நம் ஜமாஅத்துகள் இதை எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும்.

அதுவரை, நல்லடக்க நேரத்தை முடிவு செய்யும்போது விமான நேரத்தை மட்டும் பார்க்காமல் வீட்டுக்கு வீடு கணக்கிடுவோம். மகனுக்காகக் காத்திருப்பதா, அடக்கத்தைத் தாமதிக்காமல் முடிப்பதா என்பதைச் சரியான நேரம் தெரிந்தால்தான் குடும்பம் நிம்மதியாகத் தீர்மானிக்க முடியும்.