மொபிலிட்டி ஸ்கூட்டரோடு கப்பல்ல போக முடியுமா? டிக்கெட் போடும் முன் என்ன கேட்கணும்?

காயல்பட்டினத்துக்கும் கொழும்புக்கும் தலைமுறை தலைமுறையாக உறவும் வியாபாரமும் உண்டு. பக்கத்திலேயே தூத்துக்குடி துறைமுகம் இருக்கிறது. 2011 ஜூன் 13-ம் தேதி அங்கிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' பயணிகள் கப்பல் புறப்பட்டபோது, ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் அந்த ஆண்டு நவம்பருக்கு மேல் அது ஓடவில்லை.

இப்போது கடல் வழியாக இலங்கைக்குப் போக நினைத்தால் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் உண்டு. சுற்றுலாவாகப் போக, சீசன் நேரத்தில் சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல். நடக்க முடிகிறவர்களுக்கு இது வெறும் தூரப் பிரச்சினை. வயதாலோ, பக்கவாதத்தாலோ, மூட்டுத் தேய்மானத்தாலோ மொபிலிட்டி ஸ்கூட்டரை நம்பி இருப்பவருக்குக் கணக்கே வேற.

எந்த ஸ்கூட்டர்?

நம்ம ஊர்ல ஸ்கூட்டர்னா பலருக்கும் நினைவுக்கு வருவது, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் வண்டி. அது ரோட்டு வண்டி, அறைக்குள் கொண்டுபோகிற பொருள் இல்லை. கப்பல் கம்பெனிகள் சொல்வது பேட்டரியில் ஓடும் சின்ன வண்டியை. அதிலும் ஜெல் பேட்டரியா, லித்தியமா என்று கேட்பார்கள். மடக்கக்கூடியதாக இருந்தால் பாதி தலைவலி குறையும்.

கதவுதான் முதல் சிக்கல்

சொகுசுக் கப்பல்களில் ஸ்கூட்டரை நடைபாதையில் நிறுத்த விடமாட்டார்கள். தீ விபத்து நடந்தால் எல்லோரும் வெளியேற வேண்டிய வழி அது. ஆகவே வண்டி அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், சார்ஜ் போடுவதும் அங்கேதான். சாதாரண அறைக் கதவின் அகலம் பல கப்பல்களில் 23 அங்குலம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்றால் 32 அங்குலம் வரை இருக்கும், குளியலறை வாசலில் படி இருக்காது. இந்த அறைகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும் என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சென்னையில் 2022 ஜூன் 4-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த கோர்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் 1990-ல் கடலுக்கு வந்தது. பழைய கப்பல் என்பதாலேயே அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அறை எண்ணைச் சொல்லி, கதவு எத்தனை அங்குலம் என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். 'வீல்சேர் வசதி இருக்கு சார்' என்று போனில் சொல்வதை நம்பிப் பணம் கட்டக்கூடாது.

கரை இறங்க முடியுமா?

கப்பல் ஏறினால் மட்டும் போதுமா? சில ஊர்களில் கப்பல் துறைமுகத்தில் கட்டாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்ன படகில் கரைக்குக் கூட்டிப் போவார்கள். அலை அடிக்கும்போது அந்தப் படகில் கனமான ஸ்கூட்டரை ஏற்றப் பல கம்பெனிகள் சம்மதிப்பதில்லை. காசு கொடுத்துப் போனவர் அன்று முழுக்கக் கப்பலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எந்தெந்த ஊரில் கப்பல் நேரடியாகக் கரையில் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

நாகையிலிருந்து 2024 ஆகஸ்ட் 16 முதல் ஓடும் 'சிவகங்கை' வேற ரகம். சில மணி நேரப் பயணம், இருக்கை மட்டும்தான், அறை கிடையாது. அதில் கேட்க வேண்டியது: ஏறும் பலகையில் படியா, சரிவா? ஸ்கூட்டரின் எடை லக்கேஜ் கணக்கில் வருமா?

சட்டம் என்ன சொல்கிறது?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் என்று பெயர் சொல்லி வசதி கேட்கிறது. துறைமுகம் அந்த வரிசையில் இல்லை! அடுத்த வரியில் 'எல்லா வகைப் போக்குவரத்தும்' என்று வருவதால் கப்பலும் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் பழைய வாகனங்களை மாற்றியமைக்க, தொழில்நுட்ப ரீதியில் முடிய வேண்டும், செலவு கட்டுப்படியாக வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. கப்பல் கம்பெனி தப்பிக்க இந்த இடைவெளி போதும்.

2024 நவம்பர் 8-ம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகள் வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதம் கெடு கொடுத்தது. அமெரிக்காவில் 2005-லேயே, வெளிநாட்டுக் கொடியோடு வரும் சொகுசுக் கப்பலுக்கும் தங்கள் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் 2012 டிசம்பர் முதல், 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டால் உதவியை இலவசமாகத் தர வேண்டும்.

இங்கே பயணி கையில் இருப்பது ஈமெயில்தான். ஸ்கூட்டரின் நீளம், அகலம், எடை, பேட்டரி வகை நான்கையும் எழுதி அனுப்பலாம். அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கட்டும்: ஆபத்து நேரத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால், தன்னை மாடிப்படியில் தூக்கி இறக்க யார் வருவார்கள்? பதில் வந்த பிறகு டிக்கெட் போடலாம்.