பூனைவணங்கி

மேனாட்டார் தம் வீட்டுத் தோட்டத்தில் பூனைக்கென்றே ஒரு செடி வளர்ப்பதுண்டு. 'நெப்பெற்றா கற்றாரியா' என்பது அதன் தாவரவியற் பெயர். நாம் பூனைப்புதினா எனலாம். துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தமையால் அதன் தண்டு நாற்பட்டையாய் இருக்கும். இலை கசங்கி எழும் மணத்தை முகர்ந்த பூனை, கன்னத்தைத் தேய்த்தும் நிலத்திற் புரண்டும் சில நிமிடங்கள் தன்னை மறந்திருக்கும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூனைகளோ அதனை ஏறெடுத்தும் பாரா. இது பரம்பரை வழி வரும் இயல்பு.

குளிர்நாட்டுச் செடியாதலின் அது நுவரெலியாப் பக்கத்திற் செழிக்கக்கூடும். யாழ்ப்பாணத்து வெயிலிலும், மாரியில் நீர் தேங்கும் மண்ணிலும் அதனைக் காப்பது பெரும்பாடு. விதை தருவிக்கப் பணம் செலவிடுமுன் நம் கிணற்றடியை ஒருமுறை பார்த்தல் நன்று. அங்கே கேட்பாரற்று நிற்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயருண்டு. மார்ச்சாலமோகினி என்பாரும் உளர். மார்ச்சாலம் என்பது பூனை.

புதினாவில் இலை செய்யும் வேலையைக் குப்பைமேனியில் வேர் செய்கின்றது. மண்ணில் நிற்கும் செடியைப் பூனை பொருட்படுத்தாது கடந்து போகும். பிடுங்கி எறிந்தாலோ வேரைத் தேடி வந்து புரளும். 2016 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இவ்வேரிலிருந்து பூனையை ஈர்க்கும் இரு பொருள்களைப் பிரித்தறிந்தனர். அவற்றுள் ஒன்று, பூனைப்புதினாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய உறவினது. குப்பைமேனியோ ஆமணக்குக் குடும்பத்தது! உறவில்லாத இரு செடிகள் ஒரே வித்தையைக் கற்றிருக்கின்றன. இரசாயனக் கூடமின்றியே இதைக் கண்டு பெயரிட்டவர் எவரோ, அவர் கூர்ந்த கண்ணுடையவர்.

பூனைக்கு நல்லதாயின் பிள்ளைக்கும் நல்லதே என்று எண்ணிவிடலாகாது. சளிக்காகக் குழந்தைகளுக்கு இதன் இலைச்சாறு புகட்டும் வழக்கம் உண்டு. இலைக்கஞ்சியிற் சேர்ப்பாரும் உளர். ஜீ-6-பீடீ எனும் நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்க்கு இது செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடும். அவ்வாறு கஞ்சி அருந்தி நோயுற்றோரைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் 1996 இல் எழுதியுள்ளனர். சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளித்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அக்குறை தமக்குண்டென்பதைப் பலர் அறியாதிருப்பதே இதிலுள்ள அபாயம். ஆதலின் இச்செடி பூனையின் விளையாட்டுக்கு மட்டும் இருக்கட்டும்.

வளர்ப்பதற்கென்று தனித் திறமை வேண்டியதில்லை. முற்றிய கதிரை உதிர்த்து, ஈரமண் நிரப்பிய சட்டியின் மேலே தூவினாற் போதும். ஆழப் புதைத்தல் வேண்டா. பாதி நிழலிலும் வளரும். வளரும் நாளில் மாணவர் அதனை மேலிருந்து நோக்குக: கீழிலைகளின் காம்புகள் நீண்டு, ஓரிலை மற்றொன்றை மறையாதபடி வெயிலைப் பங்கிட்டிருக்கும். கதிரிலே பெண்பூக்களைச் சிறு கிண்ணம் போன்ற பூவடிச் செதில்கள் தாங்கி நிற்கும்.

ஒரு முழ உயரம் வந்ததும் ஒரு செடியை மட்டும் வேருடன் பிடுங்கி, மண் போகக் கழுவி, முற்றத்தில் இடுக. இரண்டொரு செடிகளை விதைக்கென விட்டுவைத்தால் அடுத்த மழைக்குச் சட்டி தானே நிறையும். உங்கள் பூனை திரும்பியும் பாராது போயிற்றாயின், பக்கத்து வீட்டுப் பூனை வரும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.