செற்றிங்ஸில கை வையுங்கோ!

எங்கட கம்பஸில் ஒரு கீபோட் இருக்கிறது. கலைவிழா வந்தால் வெளியே வரும், மற்ற நாளெல்லாம் அலுமாரிக்குள்ளேதான். அதைக் கையில் தரும்போது ஒவ்வொரு வருசமும் சீனியர் அண்ணாமார் சொல்லுற வசனம் ஒன்றுதான்: "செற்றிங்ஸில மட்டும் கை வைக்காதேங்கோ, பிறகு பழையபடி வராது." நாங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இருக்கிற சத்தங்களில் ஒன்றைத் தெரிவுசெய்து வாசித்துவிட்டு மூடி வைத்துவந்தோம்.

நாடகம் ஒன்றுக்கு இசை செய்யப் போய்த்தான் மாட்டுப்பட்டோம். கடைசிக் காட்சியில் ஒரு தாய் கரையில் நிற்கிறா. தூரத்தில் கேட்கும் கடல் மெல்ல மெல்லக் கிட்ட வரவேண்டும். கீபோட்டில் 'சீஷோர்' என்று ஒரு சத்தம் உண்டு. அழுத்தினால் கடல் வருகிறது. வொலியூமைக் கூட்டினால் கடல் பெரிசாகுது, ஆனால் கிட்ட வரவில்லை.

ஏன் என்று யோசித்தோம். தூரத்துச் சத்தம் சின்னதாக மட்டும் கேட்பதில்லை, மங்கலாகவும் கேட்கும். கூர்மையான மேல் அதிர்வுகள் காற்றிலேயே கூடுதலாகத் தேய்ந்துபோகின்றன. கீபோட்டுக்குள் அந்த மேல் அதிர்வுகளை வெட்டுவதற்கு ஒரு ஃபில்ரர் இருக்கிறது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பதுதான் கட்-ஓஃப். இடப்பக்கம் இருக்கும் மொடியுலேசன் வீல் வழக்கமாகச் சத்தத்தை நடுங்க வைக்கும். மெனுவுக்குள் போய் அதை நடுக்கத்திலிருந்து கழற்றி, கட்-ஓஃபில் பூட்டினோம். வீலை மெதுவாக மேலே தள்ளினால் மங்கல் விலகி அலை நுரைக்கிற சத்தம் வருகிறது. ஒத்திகையில் அந்தத் தாய் வேடம் போட்ட தோழி எங்களைத் திரும்பிப் பார்த்தா. அவ நடக்கிற வேகத்துக்கு ஏற்ற மாதிரி எங்கட விரலும் நடந்தது.

எங்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு விசயம் விளங்கியது. வயலினில் வில்லை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை மரமும் நரம்பும் தீர்மானிக்கின்றன. சிந்தசைசரில் கைக்கும் சத்தத்துக்கும் இடையில் அப்படி நிரந்தரக் கட்டு ஒன்றும் இல்லை. வீலைத் தள்ளினால் வெறும் இலக்கம்தான் போகிறது. 1983இல் வந்த மிடி முறையில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஓர் எண் உண்டு: மொடியுலேசன் வீலுக்கு 1, வொலியூமுக்கு 7, சஸ்ரெயின் பெடலுக்கு 64, சத்தத்தின் பிரகாசத்துக்கு 74. ஒவ்வொன்றும் 0 தொடக்கம் 127 வரை பெறுமானம் அனுப்பும். அந்த இலக்கம் எதை அசைக்க வேண்டும் என்பது ஒரு தெரிவு. அந்தத் தெரிவை இவ்வளவு காலமும் கம்பனிக்காரன் செய்தான், நாங்கள் அதை இயற்கை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"கீபோட்டில் உயிர் இல்லை, கமகம் வராது" என்று இசை படித்தவர்கள் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வரும். பாதி உண்மைதான். கட்டைகள் சுரங்களைத் தனித்தனியாக வெட்டி வைத்திருக்கின்றன. ஆனால் பிட்ச் பென்ட் வீல் 128 படிகளோடு நிற்பதில்லை. மிடியில் அதற்கு 16,384 படிகள். வழமையாக இரண்டு அரைச்சுரம் மேலே, இரண்டு கீழே வழுக்கலாம். அந்த எல்லையையும் மாற்றலாம். ஒரே சனலில் அழுத்திப் பிடித்திருக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்தே வழுக்கும் என்பது அதன் குறை. தனிச்சுரமாக வாசிக்கிறவருக்கு அது குறையே இல்லை. மிச்சப் பாதிப் பிழை, இடக்கையைச் சும்மா வைத்திருக்கிற எங்களில்தான்.

"நல்ல கீபோட் இருந்தால் நாங்களும் செய்வோம்" என்று சொல்லுவியள். எல்லாக் கீபோட்டிலும் எல்லாவற்றையும் மாற்ற ஏலாதுதான். மலிவானதில் வீலே இருக்காது. ஆனால் கைநூலின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கோ. எந்த எண்ணுக்கு அந்தக் கீபோட் பதில் சொல்லும் என்று ஓர் அட்டவணை பெரும்பாலும் இருக்கும். முன்பக்கத்தில் குமிழே இல்லாத சில கீபோட்டுகள்கூட, யுஎஸ்பி வழியாகக் கணினியிலிருந்து 74ஐ அனுப்பினால் கேட்கும்.

அதுக்காகக் கண்ட கண்ட குமிழுக்கெல்லாம் ஒவ்வொரு வேலை குடுக்கச் சொல்லவில்லை. நாங்கள் அதையும் செய்து பார்த்தோம். எட்டுக் குமிழுக்கு எட்டு வேலை குடுத்தோம், மேடை இருட்டில் எது எதுவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு காட்சிக்கு இரண்டு, மூன்று போதும். முழு வீச்சையும் திறக்காமல், தேவையான அளவுக்குள் அடக்கி வைத்தால் கை தவறினாலும் காது கிழியாது. இன்னொன்று, குமிழ் நிற்கிற இடமும் உள்ளே இருக்கிற பெறுமானமும் வேறாக இருந்தால், தொட்டவுடன் சத்தம் திடீரெனப் பாயும். திரை விலக முதல் ஒருக்கால் சரிபார்க்க வேணும்.

சீனியர் அண்ணாமாரின்ர பயம் பொய் இல்லை. ஒருவர் மாற்றி வைக்க, அடுத்தவர் மேடையில் நின்று முழிச்சிருப்பார். அதுக்கு மருந்து தொடாமல் விடுவதில்லை, எழுதி வைப்பது. பழைய பெறுமானம் என்ன, புதுசு என்ன என்று ஒரு தாளில் குறித்து இப்ப கீபோட்டின் அடியில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த பட்ச்சுக்கு அதோடுதான் குடுப்போம். அவர்கள் எங்கட கடலை அழித்துவிட்டு வேறேதும் செய்தால் இன்னும் சந்தோசம்.