எங்கள் கட்டுரை எங்களுக்கே வந்தது



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பென்னாகரத்தில் இருக்கும் என் சித்தப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்று வந்தது. மேலே வரிசையாக மூன்று கைகூப்புகள், ஒரு தக்காளிப் படம், ‘படித்ததில் பிடித்தது’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. பின்னாலேயே குரல் பதிவு: “ஏம்பா, நீயும்தான் பத்திரிகை நடத்துற. இந்த மாதிரி ஒண்ணு போடக் கூடாதா?”

படிக்கப் படிக்க எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. பாலக்கோடு தக்காளிச் சந்தை பற்றி நம் இதழில் வந்த கட்டுரையேதான். எழுதியவர் இரண்டு இரவு சந்தையிலேயே கிடந்து, லாரியில் ஏறும் பெட்டிகளை எண்ணி, விலை கேட்டு, விவசாயிகளோடு டீ குடித்து எழுதியது. ஒரு எழுத்து மாறவில்லை. நாங்கள் கவனிக்காமல் விட்ட எழுத்துப்பிழைகூட பத்திரமாக இருந்தது. காணாமல் போனவை இரண்டே இரண்டு: எழுதியவர் பெயரும் இதழின் பெயரும்.

சித்தப்பாவிடம் சொன்னேன். “எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன், எனக்கென்னப்பா தெரியும்?” என்றார். அவர் மேல் தப்பில்லை. பெயரை வெட்டிய கை எது என்று எனக்கும் தெரியாது.

இந்தச் சம்பவத்தைச் சொன்னதும் நம் அலுவலகத்திலேயே ஒரு விவாதம் எழுந்தது. ‘செய்திக்கு யார் சார் சொந்தக்காரர்?’ என்றார் இளைய உதவி ஆசிரியர். நியாயமான கேள்வி. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளக்கும் காவிரி நீர்வரத்து இன்று இத்தனை ஆயிரம் கன அடி, ஒகேனக்கல் அருவியில் குளிக்கத் தடை, பரிசல் ஓடாது. இது செய்தி. இதற்கு யாரும் வேலி போட முடியாது. அன்றாடச் செய்திக்குக் காப்புரிமை இல்லை என்று பெர்ன் உடன்படிக்கையே சொல்கிறது. ஆனால் அதே ஒகேனக்கலுக்குப் போய், தடை நாளில் வருமானம் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் பரிசல்காரரோடு அரை நாள் பேசி ஒருவர் எழுதினால், அந்த எழுத்து அவருடையது. எடுத்த படமும் எடுத்தவருடையது. அதைப் பார்த்துவிட்டு நீங்களும் போய் உங்கள் நடையில் எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்பு நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்தி ஆகியவற்றுக்காகப் பிறர் எழுத்தை நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறது. ‘முப்பது வார்த்தை வரைக்கும் எடுக்கலாமாமே?’ என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அப்படி எந்தக் கணக்கும் சட்டத்தில் கிடையாது. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள், உங்களிடம் படித்தவர் இனி அசலைத் தேடிப் போவாரா மாட்டாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். நாலு வரியைக் காட்டி, ‘இதில் எனக்கு உடன்பாடில்லை’ என்று நாற்பது வரி எழுதுங்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. நாற்பது வரியையும் தூக்கிப் போட்டு மேலே ஒரு கைகூப்பு வைத்தால் அது விமர்சனம் ஆகாது. ஆயிரம் பேர் இருக்கும் குரூப்பைச் சொந்த உபயோகம் என்பதும் கஷ்டம்.

ஊரடங்குக் காலம் நினைவிருக்கும். பேப்பர் வீட்டுக்கு வராத அந்த 2020-இல், முழு நாளிதழையும் பி.டி.எஃப். ஆக்கிக் காலை ஆறு மணிக்கே சுற்றுக்கு விட்டார்கள். நானும் வாங்கிப் படித்தவன்தான், மறைப்பானேன். அந்த மே மாதம் ‘தைனிக் ஜாக்ரண்’ என்ற இந்தி நாளிதழின் நிறுவனம் டெலிகிராம் மீது டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாளிதழைப் பரப்பிய சேனல்களை நீக்கு, நடத்துகிறவர்கள் யார் என்று சொல் என்று இடைக்கால உத்தரவு வந்தது.

எழுத்து யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நமக்குப் புதிதல்ல. நம் பாப்பாரப்பட்டியில் 1925-இல் கண்மூடிய சுப்பிரமணிய சிவா, ‘ஞானபாநு’ என்று ஒரு மாத இதழ் நடத்தினார். புதுச்சேரியில் இருந்த பாரதி அதில் எழுதினார். பிற்பாடு அந்த பாரதியின் எழுத்து உரிமை கைமாறிக் கைமாறி, பாடல்களைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் போய் நின்றது. பாரதி மக்களுக்குச் சொந்தம் என்று ஊரெல்லாம் குரல் எழுந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1949-இல், அரசு அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி இதை ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார். இன்று பாரதியை யாரும் அச்சடிக்கலாம், பாடலாம், அனுப்பலாம். ஆனாலும் பாரதி பாட்டை பாரதி பெயரில்தானே பாடுகிறோம்? (பாரதி எழுதாததையும் பாரதி பெயரில் அனுப்புகிறார்கள். பெயர் வெட்டுகிறவர்களுக்கு இவர்கள் ஒன்றுவிட்ட பங்காளிகள்.) எழுத்தை விற்றுவிட்டாலும் ‘இதை எழுதியது நான்’ என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். சட்டத்தின் 57-ஆவது பிரிவு அது.

நம் இதழைப் பொறுத்தவரை என் கட்சி எளிது. லிங்க்கை அனுப்புங்கள். ஒரு பத்தி பிடித்திருந்தால் பெயரோடு அந்தப் பத்தியைப் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், மேலே இருக்கும் பெயர் வரி உள்ளே விழுகிற மாதிரி எடுங்கள். முழுக் கட்டுரையும் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு, நூலகத்துக்கு என்று கேட்டவர்களுக்கு இதுவரை இல்லை என்று சொன்னதில்லை.

இவ்வளவு பேசிவிட்டு எங்கள் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்ற ஆண்டு நம் இதழில் வெளியான ஒகேனக்கல் வெள்ளப் படம் பலரும் பாராட்டியது. அது எங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்ததுதான். யார் எடுத்தது என்று இரண்டு பேரிடம் கேட்டோம், தெரியவில்லை என்றார்கள். ‘நன்றி: சமூக ஊடகம்’ என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டோம். சமூக ஊடகம் கேமராவைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றதா என்ன? தக்காளிக் கட்டுரை திரும்பி வந்த பிறகுதான் அது உறுத்தியது. தேடினோம். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் எடுத்த படம் அது. அவர் பெயரோடு, இந்த இதழில் படம் மறுபடியும் வருகிறது. எங்கள் வழக்கமான படத் தொகையைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டவர், “புக்கு ஒண்ணு குடுங்க சார், அம்மாவுக்குக் காட்டணும்” என்றார்.

இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்