ஷெட்டில் தூங்கிய ஸ்னோமொபைல்... ஸ்டார்ட் செய்யும் முன் இதையெல்லாம் பாருங்க!

1934-ம் ஆண்டு குளிர்காலம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற சிற்றூர். மெக்கானிக் ஜோசப் அர்மான் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகனுக்கு வயிற்றுக்குள் கடும் தொற்று. ஊரைச் சுற்றி சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துபோனது.

பனியில் ஓடும் வண்டி செய்ய அதற்கு முன்பிருந்தே முயன்றுவந்த பொம்பார்டியே, 1937-ல் தன் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1959-ல் அவருடைய நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த சின்ன வண்டிதான் 'ஸ்கி-டூ'. ஸ்னோமொபைல் வீட்டுக்கு வீடு வந்தது இப்படித்தான்.

இன்றும் கனடாவின் நுனாவுட் பகுதியில் ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலை கிடையாது. குளிர்காலத்தில் வேட்டைக்குப் போகவும், பக்கத்து ஊருக்குப் போகவும் இந்த வண்டிதான் துணை. ஆனால், கோடை முழுக்க ஷெட்டில் நின்ற வண்டி, முதல் பனி விழுந்ததும் உடனே கிளம்பிவிடுமா?

பெரும்பாலும் மக்கர் பண்ணுவது பழைய பெட்ரோல்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாளாக ஆக, கார்புரேட்டரின் மெல்லிய துளைகளில் பிசின்போலப் படிந்து அடைத்துவிடும். பழையதை வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றுவதே நல்லது. அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்பார்க் பிளக்கையும் கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்து, எலி! ஏர் பாக்ஸிலும் சைலன்ஸரிலும் கூடு கட்டியிருக்கும். வயரையும் கடித்து வைத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் இன்ஜினை முடுக்கக் கூடாது.

நம்மூர் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பதுபோலவே இதிலும் ஒரு டிரைவ் பெல்ட் உண்டு. விரிசலோ, நூல் பிரிந்திருப்பதோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். வண்டியில் எப்போதும் ஒரு ஸ்பேர் பெல்ட் இருக்கட்டும். பேட்டரி சார்ஜ், ஆயில், கூலன்ட், பிரேக், லைட் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் த்ராட்டிலை அழுத்தி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சிக்கிக்கொண்டால் வண்டி கட்டுக்குள் நிற்காது. ஸ்டார்ட் ஆனதும், இன்ஜினை உடனே அணைக்கும் 'கில் ஸ்விட்ச்' வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, உயிரையே பறித்துவிடும். பனி இல்லாத தரையில் ஓட்டுவதும் தவறு. டிராக் உராயும் பிளாஸ்டிக் பட்டைகளைக் குளிர்விப்பதே பனிதான். அது இல்லையென்றால் பட்டைகள் சூடாகி உருகும்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். ஆளில்லாத பனிவெளியில் வண்டி நின்றுபோனால், அந்தக் குளிரில் நடந்து திரும்புவதே உயிருக்கு ஆபத்து.

வண்டி ஷெட்டில் இருப்பது வேறு, அவசரத்துக்குக் கிளம்புவது வேறு. இதற்குச் செலவாவது ஒரு மதியப் பொழுது. அந்த மதியம், முதல் பனிக்கு முன்பே வரட்டும்!