கருவியியல் பயிற்சியில் பிழைக்கு ஓர் இடம்

கொதிகலனின் அழுத்தம், தொட்டியின் மட்டம், குழாயில் ஓடும் நீரின் அளவு, உலர்த்தியின் வெப்பநிலை ஆகியவற்றை மின் சமிக்ஞையாக மாற்றிப் பேனலுக்குக் கொண்டுவருவது கருவியியல். அந்தச் சமிக்ஞையைப் பார்த்து மோட்டாரின் வேகத்தையும் வால்வின் திறப்பையும் ஹீட்டரின் மின்னோட்டத்தையும் மாற்றுவது தொழில்துறை மின்னணுவியல். பேனலில் தெரியும் எண் எதுவானாலும் அதனுள் ஒரு பிழை இருக்கிறது. அது எவ்வளவு, எங்கிருந்து வருகிறது, அதனால் யாருக்கு நட்டம் என்று கண்டுசொல்வதுதான் இத்துறையின் தனித்திறன். பயிற்சியில் மிகக் குறைந்த நேரம் பெறுவதும் அதுவே.

தமிழகத்தில் இப்படிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கியபோதே விமானவியல், மோட்டார் வாகனவியல், மின்னணுவியல் ஆகியவற்றோடு கருவித் தொழில்நுட்பமும் ஒரு பாடமாக இருந்தது. 1950இல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் ஐ.டி.ஐ.க்களுக்கு அடித்தளம் போட்டது. இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் என்ற இரண்டாண்டுத் தொழிற்பிரிவு அவ்வழியில் வந்தது. 1958இல் சேலத்தில் தியாகராஜர் பாலிடெக்னிக் வந்தது. 1961இன் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு டிப்ளமோ முடித்தவர்களையும் பட்டதாரிகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. ஏணி இருக்கிறது, படிகளும் ஓரளவு உறுதிதான்.

ஆனால் அந்தப் பாடத்திட்டங்கள் மனத்தில் வைத்திருந்த ஆலை வேறு. உரம், சுத்திகரிப்பு, அனல்மின், காகிதம் என இரவு பகலாக ஓடும் பெரிய ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவென்று தனியே ஒன்று உண்டு. அதற்கொரு பட்டறை, அதில் மூத்த டெக்னீஷியன்கள், அளவுத்திருத்தத்துக்கென்று அட்டவணை எல்லாம் இருக்கும். புதிதாக வருபவர் கல்லூரியில் கற்காமல் விட்டுவந்ததை அங்கே இரண்டே ஆண்டில் கற்றுவிடுவார். மேட்டூர் அனல்மின் நிலையத்திலோ, பள்ளிபாளையம் சேஷசாயி காகித ஆலையிலோ, காகிதபுரம் டி.என்.பி.எல்.லிலோ சேர்பவருக்கு அந்த வாய்ப்பு அமையலாம். நாமகிரிப்பேட்டையைச் சுற்றி வேலைக்குப் போகும் பெரும்பாலோருக்கு அது அமையாது.

கொல்லிமலைக்கும் போதமலைக்கும் அடியில், ராசிபுரம்–ஆத்தூர் சாலையில் உள்ள இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் நாதஸ்வர வித்வான் கிருஷ்ணனின் பெயரோடு சேர்த்தே அறிவார்கள். வியாபாரிகளுக்கு இது மஞ்சள் ஏலத்தின் ஊர். சுற்றிலும் மரவள்ளிக் காடுகள், சேகோ ஆலைகள், மாவு மில்கள். தெற்கே நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகள், தீவன ஆலைகள், குஞ்சுப் பொரிப்பகங்கள். இங்கே ஆலைக்கு ஒரு எலக்ட்ரீஷியன் இருப்பார். மோட்டார் ரீவைண்டிங்கிலிருந்து டிரைவ் பழுது வரை அவர்தான் பார்ப்பார். இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு என்று ஒன்று இருக்காது. டிப்ளமோ முடித்துச் சேர்பவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதால், கல்லூரி விட்டது விட்டதுதான்.

அப்படி விடுபடுவதை எளிய இடத்திலிருந்தே காட்டலாம். 4–20 மில்லி ஆம்பியர் லூப்பைப் பற்றித் தேர்வில் எழுதாத மாணவர் இல்லை. 0 சதவீதத்துக்கு 4, 100 சதவீதத்துக்கு 20. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும் என்பதால் தொட்டி காலியா, கம்பி அறுந்ததா என்று பிரித்தறியலாம். இதுவரை விடை சரியாகவே வரும். ஆரிஃபிஸ் தகட்டின் இருபுறமும் அழுத்த வேறுபாட்டை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் 8 மில்லி ஆம்பியர் தந்தால் ஓட்டம் எவ்வளவு என்று கேட்டால், பலர் 25 சதவீதம் என்பார்கள். ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே விடை 50 சதவீதம். வர்க்கமூலத்தை டிரான்ஸ்மிட்டரே எடுத்து அனுப்பியிருந்தால் 25தான் சரி. ஆக, 8 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லும் மாணவருக்கே முழு மதிப்பெண் போட வேண்டும்.

வெப்பநிலையில் பிழை இன்னும் சத்தமில்லாமல் நுழைகிறது. பி.டி.100 உணரி 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம், டிகிரிக்கு 0.385 ஓம்தான் ஏறுகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். உணரிக்கும் பேனலுக்கும் 50 மீட்டர் தூரம் என்றால் போக வர 100 மீட்டர், 1.2 ஓம். இரண்டு கம்பியோடு இணைத்துவிட்டால் பேனல் 3 டிகிரி கூடுதலாகக் காட்டும். மூன்றாவது கம்பி எதற்கு என்று இதைவிட நன்றாக விளக்க முடியாது. தெர்மோகப்பிளில் வேறு வகை. அதற்குரிய நீட்டிப்புக் கம்பி தீர்ந்துபோய், கையில் கிடைத்த செப்புக் கம்பியைப் போட்டுவிடுவது பட்டறைகளில் அன்றாடம். உலைப்பக்கத் தலைப்பெட்டி 60 டிகிரியிலும் பேனல் 35 டிகிரியிலும் இருந்தால், காட்டும் அளவு 25 டிகிரி குறையும். கருவி பழுதில்லை, உணரி பழுதில்லை, ஆனாலும் எண் பொய். இப்படிப்பட்ட பழுதுக்கு எந்தக் கருவியை மாற்றினாலும் பயன் இல்லை.

சரிபார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். கொதிக்கும் நீரில் உணரியை வைத்து 100 என்று திருத்திவிடுவது பல ஆய்வகங்களில் வழக்கம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 99 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதை 100 ஆக்கும் மாணவர் நல்ல கருவியில் ஒரு டிகிரி பிழையைத் தன் கையால் ஏற்றுகிறார். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த 0 டிகிரிக் கலவை இதைவிட நம்பகமானது; செலவும் ஐஸ் கட்டி வாங்கும் காசு மட்டுமே.

ஒரு டிகிரி பெரிய விஷயமா என்று கேட்பவரை நாமக்கல்லில் ஏதேனும் ஒரு பொரிப்பகத்துக்கு அழைத்துப் போகலாம். முட்டைகள் 37.5 டிகிரியை ஒட்டி வைக்கப்பட்டு 21ஆம் நாள் பொரிகின்றன. அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் பொரியும் நேரமும் குஞ்சின் தரமும் மாறிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட இந்தச் சமவெளிக்கே உரிய பாடம் மரவள்ளியில் இருக்கிறது. ஆலை வாங்கும் கிழங்குக்கு எடையை மட்டும் வைத்து விலை போடுவதில்லை. மாவுச்சத்துப் புள்ளி பார்த்துப் போடுகிறார்கள். ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று விலை வைத்து, புள்ளியால் பெருக்கி டன் விலை கணக்கிடப்படுகிறது. புள்ளியைச் சரியாகப் பார்ப்பதில்லை என்பது விவசாயிகளின் நெடுநாள் குறை. மாவட்ட நிர்வாகம் கூட்டும் முத்தரப்புக் கூட்டங்களில் அது திரும்பத் திரும்ப எழுகிறது. கருவியியல் துறைக்காரர்கள் இதைச் சந்தைத் தகராறாக எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் இது அவர்கள் பாடத்தின் முதல் அத்தியாயம்.

புள்ளி பார்க்கும் வழிகளில் எளியது கிழங்கைக் காற்றிலும் நீரிலும் எடை போடுவது. மாவுச்சத்து கூடக் கூட ஒப்படர்த்தி கூடும். 5 கிலோ கிழங்கு நீருக்குள் 500 கிராம் காட்டினால் ஒப்படர்த்தி 5 வகுத்தல் 4.5, அதாவது 1.111. தராசு நீருக்குள் 20 கிராம் கூட்டிக் காட்டினால் அது 1.116 ஆகும். வழக்கத்திலுள்ள சூத்திரங்களின்படி இந்தச் சிறு வேறுபாடே அரைப் புள்ளிக்குக் குறையாது. 28 புள்ளிக் கிழங்கில் அரைப் புள்ளி என்பது விலையில் ஏறத்தாழ 1.8 சதவீதம், 10 டன் லோடுக்கு 180 கிலோ கிழங்கின் விலை. தராசு மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கிழங்கில் ஒட்டிய மண், நறுக்கிய முனையில் ஒட்டும் காற்றுக் குமிழி, காலையிலும் மதியத்திலும் மாறும் நீரின் வெப்பநிலை, லோடில் எந்தக் கிழங்கைச் சாம்பிளாக எடுத்தார்கள் என்பது எல்லாம் சேர்ந்தே புள்ளியைத் தீர்மானிக்கின்றன. சாம்பிள் எடுப்பதில் வரும் பிழை தராசின் பிழையைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். ஒரே லோடிலிருந்து பத்து முறை சாம்பிள் எடுத்து, பத்துப் புள்ளிகளுக்கும் சராசரியும் பரவலும் கணக்கிடும் ஒரு செய்முறை வகுப்பு, புள்ளியியல் நூலின் ஓர் அத்தியாயத்துக்கு ஈடு. அதன் முடிவு ஆலைக்குச் சாதகமாக வருமா விவசாயிக்குச் சாதகமாக வருமா என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் அது நல்ல செய்முறை.

மஞ்சள் இரண்டாவது பாடம். முழு மஞ்சளில் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஏலக்களத்தில் அனுபவமுள்ள வியாபாரி விரலியை ஒடித்து, எழும் ஓசையிலேயே காய்ச்சலைக் கணித்துவிடுவார். கையடக்க ஈரமானி மின்தேக்குத் திறனை அளந்து ஈரத்தைச் சொல்கிறது. ஆனால் நெல்லுக்கு எழுதிய வளைகோட்டை மஞ்சளுக்கு வைத்தால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. பொருள் எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதாலும் எண் மாறும். அடுப்பில் உலர்த்தி எடை பார்க்கலாமே என்று மாணவர் சொல்வார். மஞ்சளில் ஆவியாகும் எண்ணெய் உண்டு. சூட்டில் நீரோடு அதுவும் போய்விடும், எடையிழப்பு முழுதும் ஈரம் என்று கணக்காகிவிடும். அதனால்தான் மசாலாப் பொருள்களுக்கு டொலுவீனோடு காய்ச்சி வடித்து, பிரியும் நீரின் கனஅளவை அளக்கும் முறை வைத்திருக்கிறார்கள். வேதியியல் துறையும் கருவியியல் துறையும் சேர்ந்து ஒரு நாள் உட்கார்ந்தால், ஈரமானிக்கு மஞ்சளுக்கான வளைகோட்டைக் கல்லூரியிலேயே வரையலாம்.

மின்னணுவியல் பக்கத்தில் இங்கே அதிகம் தேவைப்படும் பாடம் டிரைவ்களைப் பற்றியது. சேகோ ஆலையின் அரைக்கும் மோட்டாரிலும் தீவன ஆலையின் கன்வேயரிலும் வேகத்தை மாற்றும் டிரைவான வி.எஃப்.டி. வந்துவிட்டது. பவர் கேபிளையும் லோட் செல் கேபிளையும் ஒரே டிரேயில் ஓட்டிவிடுகிறார்கள். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் லோட் செல்லுக்கு 10 வோல்ட் ஊட்டினால், முழுச் சுமையிலும் கிடைப்பது 20 மில்லிவோல்ட்தான். பக்கத்தில் டிரைவின் ஸ்விட்சிங் இரைச்சல் இருந்தால் எடை தாவத்தான் செய்யும். கேபிளைப் பிரித்து ஓட்டுவது, ஷீல்டை ஒரே முனையில் மட்டும் எர்த் செய்வது என இரண்டு நாளில் சொல்லித்தரக் கூடிய விஷயம். அது தெரியாத இடத்தில் இண்டிகேட்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அண்மை ஆண்டுகளில் பயிற்சிக்கு வந்த பணம் குறைவல்ல. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்த 2,877 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. 2022இல் நான் முதல்வன் திட்டம் தொடங்கியது. ரோபோ, சி.என்.சி., பி.எல்.சி. எல்லாம் மாணவர் கைக்கு எட்டுவது வரவேற்க வேண்டியதுதான். ஒரு மனக்குறை மட்டும் உண்டு. கண்காட்சியில் ரோபோ கை நன்றாகத் தெரியும்; டெட் வெயிட் டெஸ்டர், டிகேட் பாக்ஸ், லூப் காலிபரேட்டர் ஆகியவை யார் கண்ணிலும் படுவதில்லை. கொள்முதல் பட்டியலில் முதலில் வெட்டுப்படுவதும் இவைதான். உள்ளே வரும் எண் பிழையாக இருந்தால், பி.எல்.சி. அந்தப் பிழையை இரவும் பகலும் ஒழுங்காக நிறைவேற்றிக்கொண்டிருக்கும்.

தேர்வு முறையும் மாற வேண்டும். செய்முறைத் தேர்வில் சரியாக ஓடும் அமைப்பைக் கொடுத்து, அளவுகளைக் குறித்து வரைபடம் போடச் சொல்வது இன்றைய வழக்கம். மாணவர் எதிர்பார்த்த நேர்க்கோடு வராவிட்டால், வரும்படி எண்களை எழுதிவிடுகிறார். பதிலாக, தேர்வாளர் தெரிந்தே ஒரு பழுதை வைத்த லூப்பைக் கொடுக்கலாம். டெர்மினலைத் தளர்த்தலாம், கம்பியை மாற்றிப் போடலாம், டிரான்ஸ்மிட்டரின் வீச்சைத் திருத்திவைக்கலாம். எங்கே பார்த்தார், எந்த வரிசையில் பார்த்தார், எதை அளந்து எதை விலக்கினார் என்பதற்கு மதிப்பெண். எண்களைப் புனைய அங்கே வழியில்லை. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் தேர்வாளரே பழுது பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பட்டறை அனுபவமுள்ள டெக்னீஷியன்களை வருகைப் பயிற்றுநராக அழைப்பதற்குப் பட்டம் தடையாக நிற்கும் இடங்களில், விதியைத் தளர்த்தத்தான் வேண்டும்.

கடைசியாக, கல்லூரியின் மூலக் கருவி எதைக்கொண்டு சரிபார்க்கப்படுகிறது என்ற கேள்வி. ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரத்தின்படி என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று அதற்கு வேண்டும். ஓட்ட அளவீட்டுக்குப் பாலக்காட்டிலேயே திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நல்ல ஒரு மல்டிமீட்டர், ஒரு பி.டி.100, ஒரு அழுத்தமானி, ஒரு செட் எடைக்கற்கள் ஆகிய நான்கையும் பூட்டிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை சான்று வாங்கினால், மற்றெல்லாக் கருவிகளையும் அவற்றோடு ஒப்பிட்டு மாணவர்களே திருத்தலாம். வட்டாரத்துச் சிறு ஆலைகளின் கருவிகளையும் பழகுநர் பயிற்சியின் பகுதியாகச் சரிபார்த்துக் கொடுக்கலாம். அது சட்டமுறை எடையளவு முத்திரைக்கு மாற்று அல்ல. அங்கீகாரம் இல்லாமல் கல்லூரி சான்றிதழும் தரக் கூடாது. காட்டும் அளவு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்தால் போதும். இந்த ஆண்டுச் சான்றுக் கட்டணம் பெரும்பாலான கல்லூரி வரவுசெலவில் தனித் தலைப்பாக இல்லை; பராமரிப்புச் செலவில் புதைந்து, முதல் நெருக்கடியிலேயே காணாமல் போகிறது. அதைத் தனித் தலைப்பில் எழுதுவதற்கு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆணை எதுவும் தேவையில்லை, கல்லூரி முதல்வரின் கையெழுத்தே போதும்.