நிறுத்தச் சொல்ல ஆளில்லாத குளிசை

வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளையை உலகத் தமிழர் அறிவர். அவ்வூரிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் பொதுவாகிவிட்டது. காலையில் உணவுக்கு முன் ஒரு ஒமிப்பிரசோல். "காஸ்ரிக்குக்கு" என்பார்கள். எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டால் பலருக்கு நினைவில்லை.

1988இல் சுவீடனில் விற்பனைக்கு வந்த இம்மருந்து மோசமானதல்ல. இரைப்பைப் புண்ணிலிருந்தும் குருதிக்கசிவிலிருந்தும் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் சாதாரண நெஞ்செரிவுக்கு நான்கு முதல் எட்டு வாரங்களே பெரும்பாலும் போதும். நம்மவரோ பத்து ஆண்டுகள் விழுங்குகிறார்கள்.

நெடுங்காலப் பாவனை பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எலும்பு முறிவு குறித்தும், 2011இல் மக்னீசியக் குறைவு குறித்தும், 2012இல் கடும் வயிற்றோட்டம் குறித்தும் எச்சரித்தது. இரைப்பை அமிலம் கிருமிகளைக் கொல்வது. உணவிலுள்ள விற்றமின் பி12ஐப் பிரித்தெடுக்க உதவுவது. அதை ஆண்டுக்கணக்கில் அடக்கினால் விலை கொடுக்கத்தான் வேண்டும். எனினும் பீதி வேண்டாம். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவதானித்து 2019இல் வெளியான ஆய்வில், குடற்தொற்று மட்டுமே தெளிவாகக் கூடியிருந்தது. ஆனால் மூன்று ஆண்டு வேறு, பதினைந்து ஆண்டு வேறு.

வன்னிக்கு இதில் தனிக் கவலை உண்டு. காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியாவையும் முல்லைத்தீவையும் விட்டுவைக்கவில்லை. வயல் வேலையின் உடல்நோவுக்கு டைக்குளோபெனாக்; அது வயிற்றை எரிக்காதிருக்க ஒமிப்பிரசோல். வயிறு காக்கப்படுகிறது; ஆனால் நோவுக் குளிசையின் தாக்கத்திலிருந்து சிறுநீரகத்தை அது காப்பதில்லை. எரிவு தெரியாததால் நோவுக் குளிசை இன்னும் தாராளமாகிறது. போதாக்குறைக்கு, ஒமிப்பிரசோலே அரிதாகச் சிறுநீரக அழற்சியை உண்டாக்கும்.

"நிறுத்தினால் எரிகிறதே" என்பீர்கள். டென்மார்க்கில் நெஞ்செரிவே இல்லாத 120 பேரிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். எட்டு வாரம் இவ்வகை மருந்தை உட்கொண்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்கு எரிவு முதலிய தொல்லைகள் தோன்றின. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கே. அடக்கிவைத்த அமிலம் சில வாரங்கள் பொங்கித் தணிகிறது. அதைப் பழைய நோய் என்று நம்பியே பலர் ஆயுட்கால வாடிக்கையாளர் ஆகிறார்கள்.

ஆகவே திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். அஸ்பிரின் எடுப்போரும், முன்பு குருதிக்கசிவு கண்டோரும் தாமாக நிறுத்தவே கூடாது. கறுத்த மலம், விழுங்கச் சிரமம், காரணமற்ற மெலிவு இருந்தால் குளிசையை நம்பி வீட்டில் இருக்கவும் கூடாது.

கிளினிக் கொப்பியில் எழுதிய குளிசை மாதாமாதம் பிரதியாகிறது. அதை எப்போது வெட்டுவது என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. தொடங்கும் நாளோடு நிறுத்தும் நாளையும் எழுதுவது மருத்துவரின் கடமை. கேட்பது நமது உரிமை. அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்: "ஐயா, இது எனக்கு இன்னும் வேணுமோ?"